பூமுடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைப் பக்கம் போயிருப்பீர்கள். கடைக்குப் பின்னால் ஒருவர் குந்திக்கொண்டு ஆட்டுத் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டிக்கொண்டிருப்பார். ரோமம் பொசுங்கி ஒரு நாற்றம் எழும். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் கால் நின்றுவிடும். கடை மறந்துபோய், மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுத் திண்ணையும், அதில் வரிசையாக எரிந்த அகல்களும், வாசலில் கிடந்த ஈரச் சாக்கும், ஆயாவின் உள்ளங்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள் நாங்கள், எங்களுக்குப் பாட்டி கிடையாது, ஆயாதான். முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே ஒடிக்கிற ஒரு தெருவில் எங்கள் வீடு. நான்கு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், பின்னால் வெட்டவெளியில் பனைமரங்கள். ராத்திரி எல்லாச் சத்தமும் அடங்கின பிறகு ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் கிளம்புகிற ஊதல் கேட்கும், அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை புதிதாகத் திறந்த வருஷம் அது. 1985. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் புலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து முடிதான். இடுப்புக்குக் கீழே இறங்கின முடி. அதை வளர்த்ததில் என் பங்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து கொடுத்ததைத் தவிர. ஆயா தினமும் சாயங்காலம் திண்ணையின் மேல்படியில் குந்துவாள், நான் கீழ்ப்படியில். இரண்டு முட்டிக்கும் நடுவில் என் தலையை இடுக்கிக்கொண்டு முதலில் விரலாலேயே சிக்கெடுப்பாள், பிறகு மரச்சீப்பு, பிறகு தேங்காயெண்ணெய், கடைசியில் பேன் சீப்பு. சீப்பில் வந்த உதிர்முடியைச் சுட்டுவிரலில் சுருட்டிச் சின்ன உருண்டையாக்கி, கூரை ஓட்டின் இடுக்கில் செருகிவைப்பாள். மாதம் ஒருமுறை தெருவில் 'சவுரி முடி வாங்குறோம்' என்று குரல் வரும்போது ஓட்டிடுக்கிலிருந்து அத்தனை உருண்டைகளும் இறங்கும். பதிலுக்கு ஊசியோ, ஊக்கோ, ஒரு முழம் பாசிமணியோ கிடைக்கும். உதிர்ந்ததைக்கூடச் சும்மா எறியாத கை அது.

வெள்ளிக்கிழமையானால் தலைமுழுக்கு. சீயக்காயை ஆயா கடையில் பொடியாக வாங்கமாட்டாள். காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காயவைத்த எலுமிச்சைத் தோல் எல்லாம் முறத்தில் பரப்பி, மூன்று நாள் வெயில் காட்டி, மெஷினுக்கு எடுத்துப் போவோம். மெஷின்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார். அரைத்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தும்முவார்கள். முழுகி முடித்ததும் தலையைத் துவட்டி, தணலில் சாம்பிராணி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, என் முடியை அதன்மேல் விரித்துவிடுவாள். கூடைக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு. மேலே என் முடி. வாரா வாரம் அப்படித்தான். ஒரு இழைகூடப் பொசுங்கினதில்லை. நெருப்பைக் கண்டு எனக்குப் பயமே இல்லாமல் போனதற்கு அந்தக் கூடைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நெருப்பு என்றால் அது கூடைக்கு அடியில் அடங்கிக் கிடந்து, முடிக்கு மணம் மட்டும் ஏற்றுகிற ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை பலமான மழை. கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் சண்முகம் ரோட்டு மார்க்கெட்டில் சேறு மிதித்துக்கொண்டே போய் அம்மாவும் நானும் அகல் வாங்கினோம். தள்ளுவண்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கியிருந்த அகல்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரி முழுக்க அண்டாத் தண்ணீரில் ஊறப் போட்டோம், இல்லாவிட்டால் புது மண் எண்ணெயைக் குடித்துவிடும். ஊறும்போது ஒவ்வொரு அகலிலிருந்தும் குமிழி குமிழியாக மூச்சு வரும். நான் அண்டாவுக்குள் தலையை விட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயா தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, தொடைமேல் வைத்து உருட்டித் திரி செய்தாள். தாத்தா போய் ரொம்ப நாளாகியிருந்தது, ஆனாலும் வேட்டி தீரவேயில்லை.

கார்த்திகை அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே ஜி.எஸ்.டி. ரோட்டில் திருவண்ணாமலை பஸ்கள் படியில் ஆள் தொங்கத் தொங்கப் போயின. ஆறு மணிக்கு அங்கே மலைமேல் தீபம் ஏற்றுவார்கள், அதற்குப் பிறகுதான் நம் வீட்டு வாசல் விளக்கு. அடுப்படியில் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை. அம்மா கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் கையை உதறி உதறிப் பொரியுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பனம்பூவைக் கரியாக்கி, துணியில் பொதிந்து கயிற்றில் கட்டி, அண்ணன் மாவளி சுற்றத் தயாராக இருந்தான். என் தலையில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்து ரெட்டைச்சடை இல்லை. ஆயா ஒற்றைச்சடையாக இறுகப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டி, நெற்றி வகிட்டில் எண்ணெய் வழிய வழிய அனுப்பினாள். குஞ்சலத்துக்குக் கீழே ஒரு பிடி முடி தூரிகை மாதிரி விரிந்திருக்கும். நடக்கும்போது அது இடுப்பில் தட்டுகிற சுகத்துக்காகவே நான் தேவையில்லாமல் அப்படியும் இப்படியும் நடந்தேன்.

விளக்கு வைத்ததும் கரண்ட் போனது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஐம்பது வருஷம் கழித்தும் மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு மட்டும் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அன்றைக்கு அதில் யாருக்கும் வருத்தமில்லை. தெரு முழுக்க இருட்டு, அந்த இருட்டில் ஒவ்வொரு திண்ணையிலும் மஞ்சள் பொட்டு வரிசை, தூரத்தில் தூறலில் நனைந்த மேல்கம்பியில் ரயில் உரசிப் போகும்போது நீலமாக ஒரு மின்னல். இவ்வளவு அழகான எங்கள் தெருவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காற்றுதான் விடவில்லை. எங்கள் ஊர்க் காற்று பேர்போன காற்று. காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்றுதான் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே சானடோரியம் கட்டினார், பக்கத்து ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. அந்த நல்ல காற்று அன்றைக்கு எங்கள் அகல்களை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டே போனது. அணைந்ததை ஏற்றுவது என் வேலை. எரிகிற அகல் ஒன்றைக் கையில் எடுத்து, குனிந்து, அணைந்த திரியோடு திரி சேர்த்து, பற்றும்வரை மூச்சைப் பிடித்திருப்பேன். திண்ணையின் கோடிமூலை அகலுக்காகக் குனிந்தபோது சடை தோளிலிருந்து நழுவி முன்னால் விழுந்து, பக்கத்து அகல்மேல் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது, ஈரச் சுள்ளி பற்றுவது மாதிரி சரசரவென்று. பிறகு அந்த நாற்றம். கறிக்கடை எப்படித் திண்ணைக்கு வந்தது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அண்ணன் மாவளியைக் கீழே போட்டுவிட்டு, "முடி எரியுது! ஆயா, முடி எரியுது!" என்று கத்தின பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

எண்ணெய் ஊறின சடை. நெருப்பு நுனியிலிருந்து ஒரு பக்கமாக, புரி புரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஓடக் கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஓடினால் காற்றில் இன்னும் பற்றும் என்பது அந்த நாலு எட்டில்தான் தெரிந்தது. ஐந்தாவது எட்டுக்கு ஆயா விடவில்லை. வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த கோணிச் சாக்கு, நாள் முழுக்க மழையில் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. அதை ஒரு கையால் வாரி எடுத்து, மறு கையால் என் சடையைப் பிடித்து, சாக்கோடு சேர்த்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் முகம் அவள் புடவையில் புதைந்திருந்தது. சாக்குச் சேறு, நல்லெண்ணெய், பொசுங்கல், அவளுடைய வெற்றிலை, எல்லாம் கலந்த அந்த இருட்டில் நான் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

அதற்குள் நாலு குடித்தனமும் கூடிவிட்டது. ஆயா முதலில் என் கழுத்தையும் காது மடலையும் முதுகையும் விளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்த்தாள். தோலில் ஒன்றுமில்லை. ஆனால் சடையைப் பிடித்த அவள் உள்ளங்கை சிவந்து, சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் எழும்பியிருந்தது. மேல்வீட்டு அத்தை பேனா மை புட்டியோடு ஓடிவந்தார். இன்னொருவர் இட்லி மாவு பூசச் சொன்னார். அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு இந்த இரண்டும் இல்லாத வீடு கிடையாது. ஆயா எதையும் தொடவிடவில்லை. "எரியுது. எரியறதுக்குத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அப்பா இறைத்து இறைத்து ஊற்ற, கையை நீட்டிக்கொண்டு அரைமணிக்கு மேல் அங்கேயே நின்றாள். இன்றைக்கு டாக்டர்கள் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டச் சொல்கிறார்கள், மையும் மாவும் பற்பசையும் வைக்கவே கூடாது என்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத ஆயாவுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தூறலில் அவள் கை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகுதான் அப்பா பர்னால் வாங்கிவந்து மஞ்சளாகத் தடவினார்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குக் கீழ்ப்பாக்கம் நினைவு வந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு என்றால் அந்த நாளில் மெட்ராஸ் முழுக்கப் பெண்களின் வயிறு கலங்கும். ஸ்டவ் வெடித்தது, நைலக்ஸ் புடவை பற்றிக்கொண்டது என்று வாரத்துக்கு ஒரு பேச்சாவது வரும். நான் அன்றைக்குப் போட்டிருந்தது பருத்திப் பாவாடை. நைலான் பாவாடைக்காகத் தீபாவளியிலிருந்தே அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை நினைத்து நினைத்து அழுதாள் என்று பின்னால் சொன்னாள். அதோடு இன்னொரு பயமும் இருந்தது அவளுக்கு. நல்ல நாளும் அதுவுமாக, சாமிக்கு ஏற்றின விளக்கிலேயே பெண் குழந்தையின் முடி எரிந்தால் என்ன அர்த்தம்?

"இன்னா அர்த்தம்? கோயிலுக்குப் போனா பொம்பளைங்க பூமுடி குடுக்கறதில்ல? மூணு விரல் முடி கத்திரிச்சி உண்டியல்ல போடறோமே. இவ கொஞ்சம் கூடக் குடுத்துட்டா. அவ்ளோதான், எந்திரி, பாகு இறுகிப்போவுது பாரு" என்றாள் ஆயா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அணைந்த அகல்களை அப்பா ஏற்றினார். பொரியுருண்டை கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது அந்த வருஷம்.

விளக்கு வைத்த பிறகு கத்தரியை எடுக்கக் கூடாது, ராத்திரியில் தலையை நனைத்தால் சளி பிடிக்கும். ஆக விடியும்வரை அப்படியேதான். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். நான் போர்வைக்குள் சடையை எடுத்து மூக்கருகே வைத்துவைத்துப் பார்த்தேன். நாற்றம்தான், ஆனாலும் என்னுடையது. சடையின் ஒரு பக்கம் பழையபடி வழவழவென்று இருந்தது. மறுபக்கம் தென்னைநார் மாதிரி சொரசொரத்து, விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எங்கே நல்லது முடிந்து எங்கே கருகல் தொடங்குகிறது என்று இருட்டில் தடவித் தடவித் தேடிக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் ஆயா என்னைப் படியில் குந்தவைத்தாள், வழக்கமான இடம். தையல்கார அக்காவின் வீட்டிலிருந்து பெரிய வெட்டுக்கத்தரி வந்தது. துணி வெட்டுகிற கத்தரியில் முடி வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று யாருக்கும் தரமாட்டார் அந்த அக்கா. அன்றைக்கு அவரே கொண்டுவந்து, அவரே வெட்டினார். அதற்கு முன்னால் ஆயா சடையை அவிழ்த்து, ஒவ்வொரு புரியாகக் கீழிருந்து மேலே விரலால் உருவிக்கொண்டே வந்தாள். அப்பாவின் பூதக்கண்ணாடியை அண்ணன் எடுத்துவந்து காட்டினான். பொசுங்கின ஒவ்வொரு இழையின் நுனியும் உப்பி, கடுகைவிடச் சின்னதாக ஒரு கருப்பு மணி கட்டியிருந்தது. முடி நகத்தைப் போல, கொம்பைப் போல, ஒருவகைப் புரதம், அதில் கந்தகம் இருக்கிறது, எரிந்தால் அந்த நாற்றம் வருவது அதனால்தான் என்று பிற்பாடு படித்தேன். எண்ணெய் தடவினாலும், கஞ்சி போட்டு அலசினாலும் கருகின முடி பழையபடி ஆகாது. வெட்டத்தான் வேண்டும். உயிர் இருப்பது தோலுக்கு அடியில் வேரில் மட்டும், அங்கே நெருப்பு போகவில்லை என்றால் கவலையில்லை. ஆயா இதை, "வேரு கீது, வளந்துடும். குந்து ஆடாம" என்று சொன்னாள்.

ஒரு புரி மட்டும் பிடரிவரை இடையிடையே பொசுங்கியிருந்தது. அந்த ஒன்றுக்காக மூன்றையும் வெட்ட வேண்டியிருந்தது. கத்தரி கரகரவென்று அறுத்துக்கொண்டு போன சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு தலை திடீரென்று லேசாகி, தானாக மேலே எழும்பினது போல் இருந்தது. கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. அழ வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காற்று நன்றாக இருந்ததால் மறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மடித்துக் கட்டின ரெட்டைச்சடைதான் சட்டம். எனக்கு மடிக்க முடியில்லை. எண்ணெய் தடவி வாரி, இரண்டு காதுக்கு மேலும் கருப்பு ரிப்பனை மட்டும் பூ மாதிரி கட்டி அனுப்பினாள் ஆயா. சிலர் என்னை 'ஆட்டுக்கால்' என்று கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் அதுவும் சலித்துப்போய் வேறு யாருக்கோ பெயர் வைக்கப் போய்விட்டார்கள். முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். ஆயா ஒவ்வொரு அமாவாசைக்கும் விரலால் அளந்து, வளர்ந்ததைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்வாள்.

அந்தக் கோடையில் காஞ்சிபுரத்துப் புடவைக்காரர் மூட்டையோடு வந்தார், சித்தி கல்யாணத்துக்கு. பட்டு அசல்தானா என்று காட்ட, முந்தானை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் கொளுத்தினார். பட்டு என்றால் முடி எரிகிற வாசனை வரவேண்டும், சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். நைலான் என்றால் உருகிக் கெட்டி மணியாகிவிடும். இழை சுருண்டு எரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அசல்தான்" என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள்.

வெட்டின முடி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவேயில்லை. கார்த்திகைக்கு மறுநாளே ஆயா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவைத்திருக்கிறாள். தெருவில் சவுரி முடிக் குரல் வந்தபோதெல்லாம் உருண்டைகள் மட்டும்தான் போயின, பை போகவில்லை. மத்தியானங்களில், கொப்புளம் ஆறித் தோல் பளபளத்த அந்தக் கையால், நல்ல இழையையும் கருகின இழையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொறுக்கினதைச் சோற்றுக் கஞ்சியில் அலசி, நிழலில் காயவைத்து, தலைப்பக்கம் கருப்பு நூலால் இறுகச் சுற்றிச் சுற்றிக் கட்டி, கடைசியில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சவுரி வந்தது. எனக்கு வைத்துப் பின்னத்தான் செய்தாள். ஆனால் அது தயாரானபோது எனக்கே தோள் தாண்டி வளர்ந்துவிட்டது. ஒருநாள் தலைமுழுகி வந்து, கண்ணாடி இல்லாமலே தன் எலிவால் நரைமுடியில் அதை முடிந்து, சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டாள். வெள்ளைக்குள்ளே கருகருவென்று என் முடி. அம்மா வெளியில் நன்றாகத் தெரிகிறது என்றாள். "தெரியட்டும்" என்றாள் ஆயா.

அடுத்த கார்த்திகைக்கு மழை இல்லை. என்னைத் திண்ணைப் பக்கமே விடவில்லை. ஆயாதான் அகல்களை ஏற்றிக்கொண்டு போனாள், ஒவ்வொன்றாக, இடுப்பில் கைவைத்துக் குனிந்து. கோடிமூலைக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் பின்னால் நின்று ஒரு கையில் அவள் முந்தானையையும் இன்னொரு கையில் அந்தக் கொண்டையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். சீயக்காயும் வெற்றிலையும் மணந்தது. பொசுங்கல் இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். கொஞ்சம்கூட இல்லை.

"வுடுடி, கண்ணு, வலிக்குது" என்றாள் ஆயா, திரும்பாமலே.